அத்தை அறையில் மட்டும் மார்கழி

வீட்டில் இருக்கிற ரேடியேட்டர் எட்டும் ஒரே நேரத்தில் குளிர்ந்துபோனால் அது ஒரு கஷ்டமே இல்லை. பாய்லர் தன் முகப்பில் ஓர் எழுத்தையும் இரண்டு எண்களையும் காட்டும். அதைப் போனில் சொன்னால் ஓர் ஆள் வருவார், மூடியைக் கழற்றுவார், பெருமூச்சு விடுவார், ஒரு தொகையைச் சொல்வார். பணம் போகும், மரியாதை போகாது. ஏழு கொதித்து, ஒன்று மட்டும் ஜில்லென்று கிடந்தால்தான் சிக்கல். அப்போது இயந்திரத்தின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. குடும்பத் தலைவர் மேல்தான் வரும். அந்த எட்டாவது அறையில் படுத்திருப்பது உங்கள் மாமியார் என்றால், சந்தேகம் என்கிற கட்டத்தையும் அது தாண்டிவிடும்.

மதுரையில் இருக்கும் சொந்தக்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். லண்டனின் வடமேற்கு ஓரத்தில், ஹாரோ பக்கம், 1930களில் வரிசை வரிசையாகக் கட்டிய ஒட்டு வீடுகளில் ஒன்றில் நாங்கள் இருக்கிறோம். கட்டிய காலத்தில் குளிருக்குக் கரி அடுப்புதான். இப்போது கூடத்தில் அந்த அடுப்பு இருந்த இடத்தில் டிவி இருக்கிறது. சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் பாய்லர் கேஸை எரித்துத் தண்ணீரைச் சுடவைக்கும். ஒரு பம்பு அந்தத் தண்ணீரைச் செம்புக் குழாய் வழியாக வீடு முழுக்க ஓடவிடும். ஜன்னலுக்குக் கீழே நிற்கும் இரும்புப் பலகைகள் அதை வாங்கி, சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டு, ஆறிய தண்ணீரைத் திருப்பி அனுப்பும். வருஷக்கணக்கில் அதே தண்ணீர்தான் சுற்றிக்கொண்டிருக்கும். வார்ப்பிரும்பில் இந்த ரேடியேட்டரை 1850களில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உருவாக்கியவர் ஃபிரான்ஸ் சான் கல்லி என்பவர். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் வார்ப்பிரும்பைப் பற்றியே பேசுகிறார்கள். அவர் வீட்டுக் கடைசி அறையைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை.

அத்தை நவம்பர் கடைசியில் வந்து இறங்கினார். நாலு மணிக்கெல்லாம் இருட்டுவதைப் பார்த்துவிட்டு, "இந்த ஊர்ல சாயங்காலம்னு தனியா ஒண்ணு கிடையாதா மாப்ள?" என்று கேட்டார். அவருக்கு ஒதுக்கியது மாடியில் பின்பக்கச் சின்ன அறை. மற்ற நாட்களில் அது இஸ்திரிப் பலகையும் காலிப் பெட்டிகளும் குடியிருக்கும் அறை. யாரும் படுக்காத அறைக்கு எதற்குச் சூடு என்று அங்கிருந்த வால்வை வருஷம் முழுக்கக் குறைந்தபட்சத்தில் வைத்திருந்தோம். கேஸ் பில்லைக் கையில் வாங்கிப் பார்த்த எவரும் அதைத்தான் செய்வார். அத்தை வருவதற்கு முதல் நாள் அதை 5-க்குத் திருப்பி வைத்தேன். 5 என்றால் உச்சம். ரேடியேட்டர் அந்தத் தகவலைப் பொருட்படுத்தவில்லை.

அத்தை புகார் சொல்கிறவர் அல்ல. அதுதான் ஆபத்து. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை, தலையில் குரங்குக் குல்லா, கையில் பேரனின் கோல்கீப்பர் கையுறை என்று கீழே இறங்கி வந்து, "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. நீங்க சிரமப்படாதீங்க" என்பார். பிறகு மேலே போய், கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, மதுரையிலிருக்கும் தங்கையிடம் போனில் பேசுவார். "மத்த ரூமெல்லாம் கணகணன்னு இருக்குடி. என் ரூம்ல மட்டும் மாப்ள மார்கழி வச்சிருக்காரு. சிக்கனமா இருக்கணும்ல, பாவம்."

வாய்விட்டு அவர் சொன்ன குறை ஒன்றே ஒன்றுதான்: மாவு பொங்கவில்லை. வந்த வாரமே இட்லிக்கு அரைத்து வைத்தார். லண்டன் குளிர்காலத்துச் சமையலறையில் அந்த மாவு இரண்டு நாள் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அணைத்த ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வைக்கும் உள்ளூர்த் தமிழர் வழக்கத்தை என் மனைவி எடுத்துச் சொன்னாள். விளக்கு வெளிச்சத்தில் மாவு புளிக்கும் என்பதை அத்தை ஏற்கவில்லை. கூடத்து ரேடியேட்டர் மேல் வைக்கலாம் என்றால் வருகிறவர்கள் மோப்பம் பிடிப்பார்கள் என்று மனைவி மறுத்தாள். தன் அறைக்குள் மாவு வரக்கூடாது என்று மகன் கதவைச் சாத்திக்கொண்டான். "என் ரூம்லயே வச்சுக்குவேன். அங்கதான் சூடே இல்லையே" என்றார் அத்தை. "எனக்கு இல்லாட்டிப் போகுது. மாவுக்காவது ஒரு வழி பண்ணுங்க."

இங்கே ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. பாய்லரின் கேஸ் பக்கத்தைக் கண்டவர்கள் தொட முடியாது. கேஸ் சேஃப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் கூலிக்கு அந்த வேலை செய்யலாம். 2009-இல் அந்தப் பதிவேடு வருவதற்கு முன்பு கார்கி என்று ஒன்று இருந்தது. ஆனால் ரேடியேட்டரில் ஓடுவது வெறும் தண்ணீர். யார் வேண்டுமானாலும் தொடலாம். அதனால் எல்லோரும் தொட வந்தார்கள்.

முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு அண்ணன். யாழ்ப்பாணத்துக்காரர், இந்த ஊர்க் குளிரோடு முப்பது வருஷத்துக்கு மேல் பழக்கம். "காத்துப் பிடிச்சிருக்கும் தம்பி. பொறுங்கோ, திறப்பு எடுத்துக்கொண்டு வாறன்" என்று போனவர், சதுரத் துளையுள்ள ஒரு குட்டிப் பித்தளைச் சாவியோடு வந்தார். ஒவ்வொரு ரேடியேட்டரின் மேல் மூலையிலும் அந்தச் சாவிக்கு ஏற்ற ஒரு சின்னத் திருகு இருக்கும். குழாய்க்குள் சேரும் காற்று மேலே போய் உட்கார்ந்துகொள்வதால் தண்ணீர் அங்கே ஏற முடியாது. ஹீட்டிங்கை அணைத்து, ஆறவிட்டு, துணியைப் பிடித்துக்கொண்டு கால் சுற்று திருப்பினால் உஸ்ஸென்று காற்று வெளியேறும். தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிட வேண்டும்.

எங்கள் ரேடியேட்டர் உஸ் என்று ஒரு மரியாதைக்குக்கூடச் சொல்லவில்லை. எடுத்த எடுப்பில் தண்ணீர். அதுவும் கறுப்புத் தண்ணீர். அவசரத்தில் அண்ணன் பிடித்துக்கொண்டிருந்தது என் மனைவியின் புது வெள்ளைத் துண்டு. அதைப் பற்றித் தனியாக விசாரணை நடந்தது, இங்கே வேண்டாம்.

அண்ணன் தளரவில்லை. பாய்லரை மறுபடி ஓடவிட்டு, ரேடியேட்டரை மேலே ஒரு கையாலும் கீழே ஒரு கையாலும் பிடித்துப் பார்த்தார். "மேலை குளிர், கீழை சூடு எண்டால் காத்து. மேலை சூடு, கீழை குளிர் எண்டால் சேறு. இது மேலையும் குளிர், கீழையும் குளிர். இது வேறை வருத்தம்." இந்த ஒரு வரியை விடத் தெளிவாக ரேடியேட்டர் வைத்தியத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்லிவிட்டு அவர் தேநீர் குடித்துக் கிளம்பினார்.

அவர் போன பிறகு பாய்லரும் நின்றது. காற்றை எடுக்கிறேன் என்று தண்ணீரை எடுத்ததில், ஏற்கெனவே தாழ்ந்திருந்த அழுத்தம் இன்னும் இறங்கிவிட்டது. குளிர்ந்த நிலையில் முள் 1 பாருக்கும் ஒன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். அதற்கு வெகு கீழே போனால் இந்த ரகப் பாய்லர்கள் வேலைநிறுத்தம் செய்துவிடும். அடியிலுள்ள பின்னல் குழாயின் திருகைத் திறந்து முள்ளை ஏற்றுகிற வரைக்கும் எட்டு ரேடியேட்டரும் ஒன்றுபோலக் குளிர்ந்து கிடந்தன. வீட்டில் பூரண சமத்துவம். லண்டன் வந்ததிலிருந்து அத்தை முகத்தில் ஒரு நிறைவைக் கண்டது அப்போதுதான்.

அடுத்தது ஆபீஸ். ஆங்கிலேயர்கள் சம்பளம் கேட்க மாட்டார்கள், சொந்தக் கதை கேட்க மாட்டார்கள், பக்கத்து நாற்காலியில் பத்து வருஷம் உட்கார்ந்தவருக்கு எத்தனை பிள்ளைகள் என்றுகூடக் கேட்க மாட்டார்கள். ஆனால் "எங்கள் வீட்டில் ஒரு ரேடியேட்டர் மட்டும் சூடாகவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வருவார்கள். என் சக ஊழியர் குரலைத் தாழ்த்தி, "ஸ்லட்ஜ்" என்றார். எங்கள் அண்ணன் சொன்ன அதே சேறுதான். ரேடியேட்டரின் இரும்பைத் தண்ணீர் உள்ளிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். அதில் பிறக்கும் கறுப்புத் தூளுக்கு மேக்னடைட் என்று பெயர். காந்தம் வைத்தால் ஒட்டும். பம்பு தள்ளும் தண்ணீரோடு சுற்றிச் சுற்றி, ரேடியேட்டரின் அடியில் நடுப்பகுதியில் போய்ப் படியும். அதைத் தடுக்கத் தண்ணீரில் மருந்து கலப்பார்கள். குழாயில் காந்த வடிகட்டி மாட்டுவார்கள். இவர் தன் வீட்டு ரேடியேட்டரைக் கழற்றித் தோட்டத்துக்குத் தூக்கிப் போய்க் குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவியவர். அந்த இடத்தில் புல் முளைக்கவில்லை என்பதைக் கண்கள் பளபளக்கச் சொன்னார். பிள்ளைகள் எத்தனை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஒரு பிளம்பரையும் கூப்பிட்டோம். அவர் அறை வாசலில் நின்று பார்த்தார். உள்ளே வரவில்லை. அத்தை குரங்குக் குல்லாவோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தது காரணமாக இருக்கலாம். வீடு முழுக்க இயந்திரம் வைத்துக் குழாய்களை அலச வேண்டும் என்று சொல்லி, நூற்றுக்கணக்கான பவுண்டில் ஒரு விலையைத் தாளில் எழுதிக் கொடுத்தார். சேறு அடைத்த வீட்டுக்கு அது நல்ல வைத்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் மலிவான காரணங்களை முதலில் பார்த்துக் கழித்துவிட்டுத்தான் விலை உயர்ந்த காரணத்துக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி. இதை நான் தமிழில், அவர் வேன் தெருமுனையைத் தாண்டிய பிறகு, உறுதியாகச் சொன்னேன்.

"மாப்ள, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?" என்றார் அத்தை.

இந்த வாக்கியத்துக்கு முடியாது என்று பதில் சொன்ன மருமகன் கிடையாது.

"இந்தப் பக்கத்துக் குழாய் கீழேயிருந்து வால்வு வரைக்கும் சுடுது. வால்வைத் தாண்டிச் சுடல. அப்ப வெந்நி இங்க வரைக்கும் வந்து நிக்குது. கதவுதான் திறக்கல. இதுக்கு எதுக்கு ஊரையே கூட்டுறீங்க?"

தொட்டுப் பார்த்தேன். சுட்டது. தினமும் ராத்திரி அந்த ஒரு சாண் குழாயில்தான் அவர் கையைச் சூடு காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். மதுரை வீட்டில் மேல்தொட்டி, கீழ்த்தொட்டி, கார்ப்பரேஷன் தண்ணீர், போர் தண்ணீர் என்று நாலு வால்வையும் முப்பது வருஷம் தன் கையால் ஆண்டவர். எந்த வால்வு நிஜமாகவே திறந்திருக்கிறது, எது திறந்ததாகப் பாசாங்கு செய்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "வந்த இடத்துல நாமளா எதுக்குப் பேசணும்" என்றார்.

அந்த வால்வின் கதை சுவையானது. டென்மார்க்கில் 1933-இல் டான்ஃபாஸ் நிறுவனத்தைத் தொடங்கிய மேட்ஸ் கிளாசன், 1943-இல் கண்டுபிடித்த சாதனம் இது. வெள்ளைத் தலை ஒன்று, அதில் 1 முதல் 5 வரை எண்கள், எல்லாவற்றுக்கும் கீழே குழாய் உறையாமல் காக்க மட்டும் ஒரு நட்சத்திரக் குறி. 3-இல் வைத்தால் அறை ஏறக்குறைய 20 டிகிரியில் நிற்கும். தலைக்குள்ளே மெழுகோ திரவமோ அடைத்த ஒரு சிமிழ். அறை சூடானால் அது விரிந்து, கீழேயுள்ள ஒரு பித்தளை ஊசியை அழுத்தி வழியை அடைக்கும். குளிர்ந்தால் சுருங்கும், ஸ்பிரிங் ஊசியை மேலே தள்ளி வழிவிடும். மின்சாரம் கிடையாது, கம்பி கிடையாது. உலகப் போரின் நடுவில் இப்படி ஒன்றை யோசித்த மனிதருக்கு ஒரு வணக்கம் போடலாம்.

ஒரே ஒரு பலவீனம். நட்சத்திரத்தில் வைத்துவிட்டால் ஊசி மாதக்கணக்கில் அழுந்தியே கிடக்கும். அப்படியே ஒட்டிக்கொள்ளும். பிறகு நீங்கள் தலையை 5-க்குத் திருப்பினால் திரும்புவது தலை மட்டும்தான். கீழே ஊசி அசையாது. வெளியே பார்க்கிறவருக்கு எல்லாம் திறந்திருப்பதாகத் தெரியும். கோடையில் ஹீட்டிங்கை நிறுத்தும்போது இந்தத் தலைகளை முழுக்கத் திறந்துவைக்கச் சொல்வது இதனால்தான். சிக்கனத்துக்காக மூடி வைக்கிற வீடுகளில்தான் இந்த வருத்தம் அதிகம். அத்தை தங்கையிடம் போனில் சொன்னது அவருக்கே தெரியாமல் பாதி உண்மையாகிவிட்டது.

அறுவைச் சிகிச்சைக்கு அண்ணன் மறுபடி வந்தார். தலையை 5-க்குத் திருப்பி, கழுத்து வளையத்தைக் கழற்றினால் தலை கையோடு வந்துவிடும், தண்ணீர் வராது. உள்ளே ஊசியின் முனை மட்டும் தெரியும். விரலால் அழுத்தினால் அது சில மில்லிமீட்டர் இறங்கி, விட்டால் துள்ளி ஏற வேண்டும். எங்கள் ஊசி தரையோடு தரையாகக் கிடந்தது. நான் குறட்டை எடுத்தேன்.

"குறட்டாலை இழுக்காதேயுங்கோ!" என்று அண்ணன் அலறினார். "ஊசி கையோடை வந்திட்டுதெண்டால் பிறகு அறைக்குள்ளை கடல்தான்."

துளி எண்ணெய் விட்டு, வால்வின் உடம்பை மரக்கட்டை எதனாலாவது பக்கவாட்டில் மெல்லத் தட்ட வேண்டும் என்றார். வீட்டில் மரக்கட்டை என்று எதுவும் அகப்படவில்லை. அத்தை தன் பெட்டியைத் திறந்து பருப்பு மத்தை எடுத்து நீட்டினார். இங்கே கிடைக்காது என்று மதுரையிலிருந்து கொண்டுவந்தது. மத்தின் காம்பால் அண்ணன் தட்டினார், ஸ்பானரின் தட்டையான பக்கத்தால் ஊசியை லேசாக அழுத்தினார், மறுபடி தட்டினார். "டக்" என்று ஊசி மேலே வந்தது. சுவருக்குள் கடகடவென்று தண்ணீர் ஓடும் சத்தம். அத்தை ஒரு கோல்கீப்பர் கையுறையைக் கழற்றிவிட்டு ரேடியேட்டரைத் தொட்டார். "வருது" என்றார். இன்னொரு கையுறையைக் கழற்றவில்லை.

அவர் ஜாக்கிரதை சரிதான். வந்தது வெதுவெதுப்பு மட்டுமே. அத்தை அறை பாய்லரிலிருந்து குழாய் வழியில் கடைக்கோடி. தண்ணீர் சுலபமான வழியில் போகும். பக்கத்தில் இருக்கிற ரேடியேட்டர்தான் சுலபம். கல்யாணப் பந்தியில் வடை வாளியோடு கிளம்புகிறவர் முதல் நாலு இலைக்குத் தாராளமாக இரண்டிரண்டு போட்டுக்கொண்டே வந்தால், கடைசி இலைக்கு வாளியைக் கவிழ்த்துக் காட்டத்தான் முடியும். கடைசி இலைக்காரர் சத்தம் போட்டுப் பயனில்லை. பரிமாறுகிறவரின் கையை முதல் இலையிலேயே பிடிக்க வேண்டும்.

பிடிப்பதற்கும் ஒரு வால்வு இருக்கிறது. ரேடியேட்டரின் மறுமுனையில், எண் எதுவும் இல்லாத பிளாஸ்டிக் தொப்பிக்குள் ஒளிந்திருக்கும். அதை ஸ்பானரால் சிறிது சிறிதாக மூட வேண்டும். பாய்லருக்கு மிக அருகில் இருப்பதைக் கால் சுற்று அளவுக்கு மட்டும் திறந்து வைத்தாலும் போதும், கடைக்கோடியை முழுக்கத் திறந்துவிட வேண்டும். தண்ணீர் உள்ளே வரும் குழாயின் சூட்டுக்கும் வெளியேறும் குழாயின் சூட்டுக்கும் பத்துப் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் இருந்தால் அந்த ரேடியேட்டர் தன் பங்கை மட்டும் எடுக்கிறது என்று பொருள். வெளியேறுவதும் ஏறக்குறைய அதே கொதிப்பில் வந்தால் அது தேவைக்கு மேல் விழுங்குகிறது. ஒவ்வொரு திருப்புக்கும் பிறகு பொறுத்திருந்து அளக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் முதல் இலை நடைவழியில் இருக்கும் ரேடியேட்டர். அங்கே செருப்புகளைத் தவிர யாரும் உட்காருவதில்லை. அதே நடைவழிச் சுவரில்தான் தெர்மோஸ்டாட்டும் இருக்கிறது. தான் இருக்கிற இடம் சூடானதும் வீடே சூடாகிவிட்டதாக முடிவுகட்டி அது பாய்லரை அணைத்துவிடும். கடைசி அறையில் என்ன நிலவரம் என்று அது கேட்பதில்லை. இப்படிப்பட்ட அதிகாரிகளை நான் இந்தியாவிலும் பார்த்திருக்கிறேன், இங்கேயும் பார்த்திருக்கிறேன். ஸ்பானரால் சரிசெய்ய முடிந்தது இவர் ஒருவரைத்தான்.

நடைவழியைக் குறைத்ததற்கு யாரும் வாய் திறக்கவில்லை. மற்றவற்றுக்குத்தான் பேச்சுவார்த்தை தேவைப்பட்டது. மகன் அறையில் தொப்பியைக் கழற்றியதும், "அப்பா, திஸ் இஸ் நாட் ஃபேர்" என்று ஆரம்பித்து, பாட்டி உள்ளே எட்டிப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டான். குளியலறையில் துண்டு காயப்போடும் சூட்டுக் கம்பிக்கு அருகே நான் போகும்போதே மனைவி வாசலில் நின்றாள். "என்னங்க, அதைத் தொட்டீங்கன்னா அப்புறம் நடக்கிறதுக்கு நான் பொறுப்பில்ல." அது அவளைப் பெற்ற தாய்க்காக என்று நினைவூட்டினேன். "அம்மாவுக்கு வேணும்னா உங்க ஆபீஸ் ரூம்லேருந்து எடுத்துக் குடுங்க" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும்போது நான் போட்டிருப்பது அந்த கோல்கீப்பர் கையுறை.

அத்தை அறை கொதித்தது. குல்லா போயிற்று, சால்வை போயிற்று. தங்கைக்குப் போன் போயிற்று: "மாப்ள ஒரு வழியா மனசு வச்சுட்டாரு." அன்று ராத்திரியே உளுந்தும் அரிசியும் அரைத்து, எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, துண்டை மடித்து அடியில் போட்டு, ரேடியேட்டர் தலையில் ஏற்றி வைத்தார். அடியில் போட்டது எந்தத் துண்டு என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்கு இனி வேறு உத்தியோகம் கிடையாது.

இந்த ரேடியேட்டர் இரட்டைப் பலகை ரகம். இரண்டு பலகைக்கும் நடுவில் மெல்லிய தகட்டை மடித்து மடித்து வைத்திருப்பார்கள். காற்று அதன் வழியே ஏறிச் சூடாகி அறைக்குள் பரவும். மேலே சல்லடை மூடி. விரல் நுழையாது. மாவு நுழையும் என்று காலையில் தெரிந்தது. முந்தைய மாவு பொங்காத பொங்கலையும் சேர்த்து இந்த மாவு பொங்கியிருந்தது. தூக்கு மூடியைத் தள்ளிக்கொண்டு, துண்டைத் தாண்டி, சல்லடை வழியாக உள்ளே இறங்கி, ஆறு மணிக்கு ஹீட்டிங் போட்டதும் வேகவும் தொடங்கியிருந்தது. வீடெல்லாம் முறுகல் வாசனை. நீளக் காம்புத் தூரிகை ஒன்று இதற்கென்றே கடையில் விற்கிறார்கள். வாங்கிக் குடைந்ததில் பாதி வந்தது.

செய்தி கேட்டு அண்ணன் வந்தார். வாசலிலேயே ஒரு தரம் மூச்சை இழுத்தார். நேரே போய் ரேடியேட்டரை மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்துப் பார்த்தார்.

"மேலையும் சூடு, கீழையும் சூடு" என்றார். "நடுவிலைதான் தோசை."